தத்து ஆலோசனை மையத்துக்கு விளம்பரம்: எதைச் சொல்லலாம், எதைச் சொன்னால் வழக்கு வரும்?

#1 அச்சுக்கூடம்

வணக்கம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் தொடங்கவிருக்கும் தனியார் தத்து ஆலோசனை மையத்துக்குத் துண்டறிக்கையும் முகநூல் விளம்பரமும் தயாராகின்றன. குழந்தை வேண்டுவோரையும், வளர்க்க முடியாத தாய்மாரையும் அறிமுகப்படுத்தி வைப்பதுதான் மையத்தின் திட்டம். கிட்டத்தட்ட திருமணத் தகவல் மையம் மாதிரி. அச்சுக்குப் போகும் முன் சட்டம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். வரைவு இது:

1. குழந்தை இல்லையே என்ற ஏக்கமா? 90 நாளில் உங்கள் மடியில் மழலை!
2. காரா (மத்திய தத்தெடுப்பு ஆணையம்) அங்கீகாரம் பெற்ற ஆலோசகர்கள்.
3. ஆணா, பெண்ணா, உங்கள் விருப்பம். பச்சிளம் குழந்தைக்கு முன்னுரிமை.
4. பதிவுக் கட்டணம் ரூ. 15,000 மட்டும். மீதித் தொகை குழந்தை கைக்கு வந்த பிறகு.
5. முதலில் வரும் 10 தம்பதியருக்கு மட்டுமே இந்தச் சலுகை.
6. தாய்மார்களே! வளர்க்க முடியாத சூழ்நிலையா? மருத்துவச் செலவு எங்களுடையது. ரகசியம் காக்கப்படும்.
7. எங்களால் பெற்றோரான குடும்பங்கள் (நான்கு படங்கள்).
8. அடியில் சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில்: நிபந்தனைகளுக்கு உட்பட்டது.

#2 வழக்காடி

அச்சுக்குப் போகாமல் நிறுத்தி வையுங்கள். வாசகத்தைத் திருத்துவது பிறகு. தொழிலே இந்தியாவில் நடத்தக்கூடிய தொழில் இல்லை.

இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 80: ஆதரவற்ற, கைவிடப்பட்ட, அல்லது பெற்றோரால் ஒப்படைக்கப்பட்ட குழந்தையை, சட்டம் சொல்லும் நடைமுறைக்கு வெளியே தத்துக்காகக் கொடுத்தாலும், வாங்கினாலும், கொடுக்க முன்வந்தாலும் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டும். ‘முன்வந்தாலும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். குழந்தை கை மாறியிருக்க வேண்டியதில்லை. உங்கள் 1, 3, 6 ஆகிய வரிகளை ஒன்றாகப் படித்தால் அதுவே முன்வருதல் என்று அரசுத் தரப்பு வாதிட இடமிருக்கிறது.

பிரிவு 81 இன்னும் கடுமை. எந்த நோக்கத்துக்காகவும் குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். மருத்துவமனை, மகப்பேறு இல்லப் பணியாளர் உட்படக் குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் செய்தால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு. ‘மீதித் தொகை குழந்தை கைக்கு வந்த பிறகு’ என்று நான்காவது வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதன் பெயர் ஆலோசனைக் கட்டணம் ஆகாது. ஒரு குழந்தைக்கு ஒரு தொகை என்று எழுத்திலேயே சொல்லிவிட்டீர்கள்.

திருமணத் தகவல் மையத்தோடு ஒப்பிடுவதும் பொருந்தாது. அங்கே பொருந்திப் போகும் இருவரும் பெரியவர்கள், தாங்களே சம்மதம் சொல்கிறவர்கள். இங்கே சம்மதம் சொல்ல முடியாத ஓர் உயிர் நடுவில் இருக்கிறது. அதனால்தான் இன்னாருக்கு இன்ன குழந்தை என்று பொருத்தும் வேலையைச் சட்டம் தனியார் யாருக்கும் விடவில்லை.

#3 நெல்லிமரம்

வழக்காடி சொன்னதற்குத் துணையாக, பொருத்தும் வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். அது தெரிந்தால் 1-ஆம் வரியும் 3-ஆம் வரியும் ஏன் பொய் என்பது தானே விளங்கும்.

காரா என்று நாம் சொல்லும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் கேரிங்ஸ் இணையதளத்தில் தம்பதியரே பதிவு செய்கிறார்கள். 30 நாளுக்குள் ஆவணங்களைப் பதிவேற்ற வேண்டும். பிறகு சிறப்புத் தத்து நிறுவனத்தின் சமூகப் பணியாளரோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோ வீட்டுக்கு வந்து ஹோம் ஸ்டடி (குடும்பச் சூழல் ஆய்வு) செய்வார்கள். அதற்கு 60 நாள் கெடு. அந்த அறிக்கை மூன்று ஆண்டு செல்லும். அதன்பின் வரிசை. பதிவு மூப்புப்படி, தம்பதியர் குறித்த வயது, பாலினம், உடல்நிலை, மாநில விருப்பத்தைப் பார்த்துத் தளமே ரெஃபரல் (ஒரு குழந்தையின் விவரம்) அனுப்பும். வந்ததிலிருந்து 48 மணி நேரத்துக்குள் அந்தக் குழந்தையைத் தங்களுக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு குழந்தையை நேரில் பார்த்து, மருத்துவ அறிக்கையை வேண்டுமானால் தங்கள் மருத்துவரிடமும் காட்டி, ஏற்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். ஏற்றபின் தத்துக்கு முந்தைய வளர்ப்புக் காலம், அப்புறம் கலெக்டர் ஆணை. 2022 செப்டம்பர் 1 முதல் தத்து ஆணை நீதிமன்றத்திலிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாறிவிட்டது. இன்னமும் ‘கோர்ட் ஆர்டர் வாங்கித் தருகிறோம்’ என்று விளம்பரம் செய்பவர்களுக்கு நடைமுறையே தெரியவில்லை என்று பொருள்.

இந்த வரிசையில் ஒருவரை முன்னே தள்ள எந்த ஆலோசகராலும் முடியாது. ஆரோக்கியமான சிறு குழந்தைக்குக் காத்திருப்பு மூன்று ஆண்டுக்கும் மேல் போகிறது. 90 நாள் என்பது ஹோம் ஸ்டடி முடிவதற்கே சரியாக இருக்கும்.

பச்சிளம் குழந்தை விஷயம் இன்னும் தெளிவு. பெற்றவள் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்தால் மனம் மாற இரண்டு மாத அவகாசம் உண்டு. கைவிடப்பட்ட குழந்தை இரண்டு வயதுக்குள் என்றால் பெற்றோரைத் தேட இரண்டு மாதம், அதற்கு மேல் வயதென்றால் நான்கு மாதம். அது முடிந்து நலக் குழு ‘தத்துக்கு உரிய குழந்தை’ என்று அறிவித்த பிறகே கேரிங்ஸில் குழந்தையின் விவரம் திறக்கும். ஆகவே பிறந்து பத்து நாளான குழந்தையை இந்த வழியில் யாராவது தருவதாகச் சொன்னால், அந்தக் குழந்தையின் வயதே அது சட்டவிரோதம் என்பதற்கு அத்தாட்சி.

வயதுக் கணக்கையும் விளம்பரக்காரர்கள் மறைக்கிறார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமானால் கணவன் மனைவி இருவர் வயதும் சேர்ந்து 85-ஐத் தாண்டக் கூடாது. தனி நபர் என்றால் 40. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைக்கு 90, 45. நான்கு முதல் எட்டுக்கு 100, 50. எட்டுக்கு மேல் 110, 55. கணவருக்கு 46, மனைவிக்கு 42 என்றால் கூட்டினால் 88. அவர்களிடம் ‘பச்சிளம் குழந்தைக்கு முன்னுரிமை’ என்று சொல்லி 15,000 வாங்குவது ஏமாற்று. தனியாக வாழும் ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்கவே முடியாது. இதையும் எந்தத் துண்டறிக்கையும் சொல்வதில்லை.

#4 அச்சுக்கூடம்

விரிவான பதில்களுக்கு நன்றி. மையத்தின் தரப்பில் ஒரு வாதம் வைக்கிறார்கள். இந்து தத்தெடுப்புச் சட்டப்படி பெற்றவர்களே நேரடியாகக் கொடுக்கலாம், பத்திரம் பதிவு செய்தால் போதும், காரா தேவையில்லை என்கிறார்கள். அந்த வழியில் அறிமுகம் மட்டும் செய்து வைத்தால்?

#5 வழக்காடி

எல்லாத் தரகர்களும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது. பாதி உண்மை.

1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தச் சட்டப்படி நடக்கும் தத்துக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் தத்து விதிகள் பொருந்தா என்று பிரிவு 56(3) சொல்கிறது. ஆனால் அதன் நிபந்தனைகளைப் பாருங்கள். கொடுக்க உரிமையுள்ளவர் தகப்பனும் தாயும், ஒருவர் சம்மதத்தோடு மற்றவர். காப்பாளர் கொடுக்க வேண்டுமானால் நீதிமன்ற அனுமதி வேண்டும். குழந்தை இந்துவாக, மணமாகாதவராக, பதினைந்து வயது நிரம்பாதவராக இருக்க வேண்டும் (வயதுக்கும் மணத்துக்கும் வழக்காறு விதிவிலக்கு உண்டு). மகனைத் தத்தெடுப்பவருக்கு மகனோ, மகன் வழிப் பேரனோ, கொள்ளுப் பேரனோ இருக்கக் கூடாது. மகளைத் தத்தெடுப்பவருக்கு மகளோ மகன் வழிப் பேத்தியோ இருக்கக் கூடாது. ஆண் ஒருவர் பெண் குழந்தையையோ, பெண் ஒருவர் ஆண் குழந்தையையோ எடுத்தால் 21 வயது இடைவெளி. எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தையைக் கொடுத்தலும் வாங்குதலும் நேரில் நடந்திருக்க வேண்டும். முத்திரைத்தாளில் நோட்டரி கையெழுத்து மட்டும் வாங்கி வைத்திருப்பதைத் தத்து என்று யாரும் ஏற்க மாட்டார்கள். பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போதோ சொத்துத் தகராறின்போதோ அந்தக் காகிதம் காலை வாரிவிடும்.

இப்போது உங்கள் மையத்தைக் கொல்லும் பிரிவு, இதே இந்து தத்தெடுப்புச் சட்டத்தில்: 17. தத்துக்கு ஈடாக எந்தப் பணமோ வெகுமதியோ யாரும் பெறக் கூடாது, பெற ஒப்புக்கொள்ளவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ‘யாரும்’ என்றால் பெற்றோர் மட்டும் இல்லை, நடுவில் நிற்பவரும்தான். ஆறு மாதம்தானே, மாநில அரசின் முன் அனுமதி இல்லாமல் வழக்குப் போட முடியாதே என்று தைரியம் சொல்வார்கள். நடைமுறையில் பணம் கை மாறியது தெரிந்தால் காவல்துறை இளைஞர் நீதிச் சட்டத்தின் 81-ஐயும் ஆள் கடத்தல் பிரிவுகளையும் சேர்த்துத்தான் பதிவு செய்யும். போலிப் பிறப்புச் சான்றிதழ் இருந்தால் மோசடி ஆவணப் பிரிவுகளும் வரும்.

2019-ல் ராசிபுரத்தில் வெடித்த குழந்தை விற்பனை வழக்கு நினைவிருக்கும். ஒரு தொலைபேசி உரையாடலின் ஒலிப்பதிவு வாட்ஸ்அப்பில் பரவியதில்தான் தொடங்கியது. அதில் குழந்தைக்கு ஒரு விலை, நகராட்சிப் பிறப்புச் சான்றிதழுக்குத் தனி விலை.

#6 தாமிரபரணி

6-ஆம் வரியைப் பற்றி இன்னும் யாரும் விரிவாகப் பேசவில்லை. எனக்கு இந்த வரைவிலேயே அதிகம் வலிப்பது அதுதான்.

பிரசவச் செலவை ஏற்கிறோம் என்பது கேட்க உதவி மாதிரி இருக்கும். பணத்துக்குத் திண்டாடும் ஒரு கர்ப்பிணியிடம் அதைச் சொல்லும்போது அது முன்பணம். ஏழாம் மாதம் ஸ்கேனுக்குக் காசு வாங்கியவள் ஒன்பதாம் மாதம் ‘நானே வளர்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்ல முடியுமா? சட்டம் அவளுக்குக் கொடுத்த இரண்டு மாத அவகாசத்தை அந்தப் பில் தின்றுவிடுகிறது.

அவளுக்குச் சட்டம் வைத்திருக்கும் வழி இலவசம். இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 35-இன்படி குழந்தைகள் நலக் குழு முன் குழந்தையோடு வந்து, ஆலோசனை பெற்று, ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்திடலாம். கணவன் மனைவிக்குப் பிறந்த குழந்தை என்றால் இருவரும் கையெழுத்திட வேண்டும். மணமாகாத தாய் தனியாகவே ஒப்படைக்கலாம். கூடுமானவரை குழுவின் பெண் உறுப்பினர் முன்னிலையில் பத்திரம் எழுதப்படும். தாய்க்குப் பதினெட்டு நிரம்பவில்லை என்றால் உடன் வந்த பெரியவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும், போக்சோ நடவடிக்கையும் தொடரும். ரகசியம் காப்பது குழுவின் கடமை, அதற்குக் காசு கிடையாது. தொடர்புக்குக் குழந்தைகள் உதவி எண் 1098. தமிழ்நாட்டில் 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டமும் இந்தத் தேவைக்காக வந்ததுதான்.

ஆகவே தனியார் மையம் தாய்மார்களை நோக்கி ஒரு வரிகூட விளம்பரம் செய்யக் கூடாது. அப்படி யாராவது தானாக அழைத்தால் 1098-ஐயும் நலக் குழுவின் முகவரியையும் சொல்லிவிட்டு, அழைப்பைத் தேதியோடு குறித்து வைக்க வேண்டும். குழந்தையை ‘ரெண்டு நாள் நாங்க பார்த்துக்கிறோம்’ என்று வாங்கி வைப்பது அதைவிடப் பெரிய தவறு. கைவிடப்பட்ட குழந்தையைப் பார்த்தவர் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 32. தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 அபராதம் அல்லது இரண்டும். பதிவு பெறாமல் குழந்தைகளை வைத்துப் பராமரித்தால் பிரிவு 42, ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம் அல்லது இரண்டும்.

மருத்துவமனைகளோடு ‘டை-அப்’ வைக்கும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடச் சொல்லுங்கள். மருத்துவர் கமிஷன் வாங்குவது மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே தடை. பச்சிளம் குழந்தை கடத்தப்பட்டால் அந்த மருத்துவமனையின் உரிமத்தை முதலில் நிறுத்தி வையுங்கள் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

#7 மேலக்கரை

சட்டம் எல்லாம் சரி. ஒரு மாற்றுக் கருத்து. காத்திருப்பவர்கள் ஏராளம், சட்டப்படி வரும் குழந்தைகள் கொஞ்சம். இன்னொரு பக்கம் குப்பைத் தொட்டியில் குழந்தை என்று செய்தி வருகிறது. நேர்மையான தனியார் ஒருவர் நடுவில் இருந்து இணைத்து வைத்தால் இருவருக்கும் நல்லதுதானே? அமெரிக்காவில் இது வெளிப்படையாக நடக்கிறதே.

#8 வழக்காடி

கேள்வி நியாயமானது, ஏனென்றால் நிறையப் பேர் இதே எண்ணத்தில்தான் தரகரிடம் போகிறார்கள்.

அமெரிக்காவிலிருந்து தொடங்குவோம். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. பெற்ற தாயே குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை உண்டு, ஆனால் உரிமம் பெற்ற ஏஜென்சியோ வழக்கறிஞரோ அதைச் செய்வது ஒன்று, உரிமமில்லாத இடைத்தரகர் செய்வது வேறு. கலிஃபோர்னியா பல காலம் இடைத்தரகர்களைப் பதிவு செய்துகொண்டு அனுமதித்தது. 2023-ல் சட்டத்தைத் திருத்தி அவர்களையே ஒழித்துவிட்டது. அந்த மாநிலத்தில் உரிமமில்லாதவர் தத்து விளம்பரம் செய்வதே குற்றம். அந்த நாட்டு இணையதளங்களின் படங்களையும் வாசகங்களையும் அப்படியே நகலெடுத்து இங்கே மொழிபெயர்ப்பவர்கள் அந்த உரிமச் சட்டத்தை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

நம் நாட்டுக்கு வந்தால், இந்தக் கட்டுப்பாடு வானத்திலிருந்து விழவில்லை. வெளிநாட்டுத் தத்து என்ற பெயரில் தனியார் நிறுவனங்கள் செய்த முறைகேடுகள் குறித்து ஒரு வழக்கறிஞர் எழுதிய கடிதமே லட்சுமி காந்த் பாண்டே வழக்கானது. 1984-ல் வந்த அந்தத் தீர்ப்பைத் தொடர்ந்துதான் 1990-ல் காரா பிறந்தது. கொரோனா இரண்டாம் அலையில் ‘தாய் தகப்பனை இழந்த குழந்தை, வேண்டுவோர் அழைக்கவும்’ என்று எண்ணோடு செய்திகள் பரவியபோது, இப்படி அழைப்பு விடுப்பதே சட்டத்துக்கு முரண் என்று 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இன்னொன்று. தனியார் வழியில் வாங்கிய குழந்தையை மூன்று வயதில் காவல்துறை வந்து மீட்டு நலக் குழுவிடம் ஒப்படைத்தால் யார் அழுவது? அந்தக் குழந்தைக்கு அம்மா என்றால் வாங்கியவள்தான். சட்டத்தின் பார்வையில் அவள் குற்றம் சாட்டப்பட்டவள். பணம் வாங்கிய மையம் அதற்குள் வேறு பெயரில் வேறு ஊரில் இருக்கும்.

#9 நெல்லிமரம்

மேலக்கரை சொன்ன காத்திருப்பைக் குறைக்கச் சட்டத்துக்குள்ளேயே இரண்டு வழி உண்டு. சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகளும் வயதில் மூத்த குழந்தைகளும் உடனடித் தத்துக்கான பட்டியலில் இருக்கிறார்கள். மனமும் வசதியும் உள்ளவர்கள் அங்கே பார்க்கலாம். இன்னொன்று உறவுமுறைத் தத்து. அதிலும் கேரிங்ஸ் பதிவு, கலெக்டர் ஆணை எல்லாம் உண்டு. சட்டம் உறவினர் என்று சொல்வது சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா, சித்தி, பெரியம்மா, இரு வழித் தாத்தா பாட்டி மட்டுமே. உடன்பிறந்தவரின் பிள்ளையை எடுக்கலாம். ஒன்றுவிட்ட அண்ணன் மகனை இந்த வழியில் எடுக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லித் தரும் ஆலோசகர் கிடைத்தாலே பல குடும்பங்களுக்கு மாதக்கணக்கில் அலைச்சல் மிச்சம்.

#10 சுடர்விழி

விளம்பரச் சட்டக் கோணத்தில் சேர்க்கிறேன். தத்துச் சட்டத்தைத் தாண்டினாலும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 காத்திருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் வரை அபராதம் போடலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. சிபாரிசு செய்த பிரபலத்தை ஓராண்டு, மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை விளம்பரத்தில் தோன்றவிடாமல் தடுக்கலாம். சேவை தருபவரின் பொய் விளம்பரம் நுகர்வோருக்குப் பாதகமானால் பிரிவு 89-இல் இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு.

உங்கள் 2-ஆம் வரி பொய். காரா தனிப்பட்ட ஆலோசகர் யாருக்கும் அங்கீகாரம் தருவதில்லை. அங்கீகாரம் பெறுவது சிறப்புத் தத்து நிறுவனம், அதுவும் மாநில அரசிடம், இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 65-இல். பட்டியல் காராவின் தளத்திலேயே மாநில வாரியாக இருக்கிறது. விளம்பரத்தைப் பார்ப்பவர் ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். இணையதள முகவரியில் ‘காரா’ என்ற பெயரை ஒட்டவைப்பதும், லெட்டர்பேடில் சிங்கமுகச் சின்னம் போடுவதும் கூடாது. அரசுச் சின்னத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை.

5-ஆம் வரி பொய்யான அவசரம். 2023 நவம்பரில் வந்த டார்க் பேட்டர்ன் (நுகர்வோரை ஏமாற்றும் உத்திகள்) வழிகாட்டுதலில் தடை செய்த பதின்மூன்றில் அது ஒன்று. கட்டணத்தைத் துளித்துளியாகச் சொல்வதும் அந்தப் பட்டியலில் உண்டு. 15,000 என்று பெரிதாகப் போட்டுவிட்டு ‘மீதி’ எவ்வளவு என்று சொல்லாமல் விட்டது அந்த வகை.

7-ஆம் வரி. மையமே இன்னும் திறக்கவில்லை, ‘எங்களால் பெற்றோரான குடும்பங்கள்’ எங்கிருந்து வந்தார்கள்? உண்மையிலேயே தத்தெடுத்த குடும்பமாக இருந்தாலும் குழந்தையின் படத்தைப் போட வேண்டாம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டினால் இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 74, ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். தத்து ஆவணங்களின் ரகசியத்தை விதிமுறைகளும் தனியே வலியுறுத்துகின்றன. தான் தத்துப் பிள்ளை என்று அந்தக் குழந்தைக்கு யார், எப்போது சொல்ல வேண்டும் என்பதைத் துண்டறிக்கை முடிவு செய்யக் கூடாது.

8-ஆம் வரி. 2022 ஜூன் வழிகாட்டுதல்படி பொறுப்புத் துறப்பு வாசகம் விளம்பரத்தின் மொழியிலேயே, அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். தமிழில் வாக்குறுதி, ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் நிபந்தனை என்பது செல்லாது. பெரிய எழுத்தில் சொன்னதைச் சின்ன எழுத்தில் மறுப்பதும் செல்லாது.

மையத்தில் வழக்கறிஞர் கூட்டாளி இருக்கிறாரா? அவர் பெயரும் படமும் விளம்பரத்தில் வந்தால் வழக்கறிஞர் விளம்பரம் செய்வதைத் தடுக்கும் பார் கவுன்சில் விதி 36-ஐ மீறியதாக அவர் மேல் நடவடிக்கை வரும்.

#11 அச்சுக்கூடம்

மைய உரிமையாளர்களிடம் இந்த இழையை அப்படியே காட்டியாயிற்று. அறிமுகப்படுத்தும் வேலையைக் கைவிட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அப்படியானால் எதற்குத்தான் கட்டணம் வாங்கலாம்? ஆவண உதவிக்கு வாங்கலாமா?

#12 நெல்லிமரம்

வாங்கலாம். அந்த உதவிக்கு உண்மையான தேவையும் இருக்கிறது. எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பாருங்கள்.

பான் அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் தகப்பன் பெயர் சேர்த்து இன்னொரு பெயர், திருமணச் சான்றில் முதலெழுத்து முன்னால். இதைப் பதிவுக்கு முன்பே சரிசெய்யாவிட்டால் ஆவணப் பதிவேற்றத்தின் 30 நாள் கெடு ஓடிவிடும். தேவைப்படுவன: குடும்பப் படம், பான், பிறந்த தேதிச் சான்று, முகவரிச் சான்று, வருமானச் சான்று, தொற்று நோயோ உயிருக்கு ஆபத்தான நோயோ இல்லை என்ற மருத்துவச் சான்று, திருமணச் சான்று, பொருந்துமானால் விவாகரத்து ஆணை அல்லது துணையின் இறப்புச் சான்று, தெரிந்தவர் இருவரின் பரிந்துரைக் கடிதம், வீட்டில் ஐந்து வயதுக்கு மேல் பிள்ளை இருந்தால் அதன் சம்மதம். தம்பதியர் என்றால் இரண்டு ஆண்டு நிலையான மண வாழ்க்கை வேண்டும். திருமணமாகி ஓராண்டில் வருபவரிடம் இதைச் சொல்லிப் பணம் வாங்காமல் திருப்பி அனுப்புவதுதான் நேர்மை.

ஒன்றை மட்டும் அடித்துச் சொல்கிறேன். கேரிங்ஸ் பதிவில் தம்பதியரின் சொந்தக் கைபேசி எண்ணும் சொந்த மின்னஞ்சலும்தான் இருக்க வேண்டும். மையத்தின் எண்ணைப் போட்டுப் பதிவு செய்து கொடுப்பது பல இடங்களில் வழக்கம். மூன்று ஆண்டு கழித்து ரெஃபரல் வரும்போது செய்தி மையத்துக்குப் போகும். அங்கே வேலை செய்த பெண் விலகியிருப்பார், சிம் அணைந்திருக்கும், 48 மணி நேரம் கழிந்துவிடும். அல்லது செய்தி வந்ததைச் சொல்லவே இன்னொரு தொகை கேட்பார்கள். கடவுச்சொல்லும் ஓடிபியும் கேட்காத மையம் என்பதையே நீங்கள் விளம்பரத்தில் போடலாம்.

அரசுக் கட்டணத்தையும் உங்கள் கட்டணத்தையும் இரண்டு தனி வரியில் காட்டுங்கள். விதிமுறைப்படி பதிவுக்கும் ஹோம் ஸ்டடிக்கும் 6,000. குழந்தையை ஏற்கும்போது குழந்தைப் பராமரிப்பு நிதிக்கு 50,000. பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாக இரண்டு ஆண்டு தொடர் ஆய்வு, நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் 2,000. இவை தத்து நிறுவனத்துக்கோ அலகுக்கோ நேரடியாக, ரசீதோடு போக வேண்டும். உங்கள் கணக்கு வழியாக ஒரு ரூபாயும் போகக் கூடாது.

#13 வழக்காடி

கட்டணத்தின் வடிவம் பற்றி ஒரு வார்த்தை. குழந்தை கிடைத்தால் இவ்வளவு, கிடைக்காவிட்டால் இவ்வளவு என்று வைக்காதீர்கள். செய்த வேலைக்கு நிலையான தொகை. தத்து ஆணை பிறப்பிக்கும் முன், விதிமுறை அனுமதித்ததற்கு மேல் தத்துக்கு ஈடாகப் பணமோ வெகுமதியோ கொடுக்கவில்லை, வாங்கவில்லை என்று கலெக்டர் திருப்தியடைய வேண்டும். இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 61 அப்படித்தான் சொல்கிறது. உங்கள் ரசீது அந்தக் கோப்புக்குப் போனால் ‘ஆவண உதவி, இன்ன தேதி, இன்ன வேலை’ என்று தெளிவாக இருக்க வேண்டும். ‘தத்துக் கட்டணம்’ என்று எழுதிய ரசீது உங்களையும் சிக்கவைக்கும், தம்பதியரின் ஆணையையும் சிக்கவைக்கும்.

பணம் திருப்பித் தரும் விதியை எழுத்தில் கொடுங்கள். வேலை தொடங்கும் முன் விலகினால் முழுத் தொகை என்பது நியாயம். ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு. வாங்கி வைத்த பான், வருமானச் சான்று, மருத்துவச் சான்று நகல்களை எப்போது அழிப்பீர்கள் என்றும் சொல்லுங்கள். மருந்துச் சீட்டும் சம்பளச் சீட்டும் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் கிடப்பதுதான் இன்றைய நிலைமை.

#14 தாமிரபரணி

பெயர்ப் பலகையில் ‘தத்து மையம்’ என்று போடாதீர்கள். யாராவது இரவில் வாசலில் குழந்தையை விட்டுப் போவார்கள். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, பெயரைப் பார்த்து அரசு நிறுவனம் என்றே நம்புவார்கள்.

#15 அச்சுக்கூடம்

திருத்திய வரைவு:

‘தத்தெடுக்க விரும்புவோருக்கு ஆவண உதவி. நாங்கள் குழந்தை தருவதில்லை, தேடித் தருவதுமில்லை. குழந்தையைப் பொருத்துவது காராவின் கேரிங்ஸ் தளம் மட்டுமே. அந்த வரிசையை எங்களால் மாற்ற முடியாது. நாங்கள் செய்வது: தகுதி சரிபார்ப்பு, ஆவணத் திருத்தம், உங்கள் எண்ணிலேயே உங்கள் கையாலேயே பதிவு செய்யக் கற்றுத் தருதல், ஹோம் ஸ்டடிக்குத் தயாராதல். எங்கள் கட்டணம் ரூ. 4,000, முழுத் தொகை இதுவே. அரசுக் கட்டணம் தனி. அதை நேரடியாகச் செலுத்துங்கள். இந்தப் பதிவை எங்கள் உதவி இல்லாமல் நீங்களே செய்யலாம். குழந்தையை வளர்க்க முடியாத நிலையில் இருப்பவர்கள் 1098-ஐ அழைக்கவும்.’

எல்லாம் ஒரே எழுத்துரு, ஒரே அளவு. படம் வேண்டாம் என்று முடிவு.

#16 சுடர்விழி

நன்றாக வந்திருக்கிறது. இரண்டு திருத்தம். ‘தகுதி சரிபார்ப்பு’ என்றால் தகுதியை நீங்கள் தீர்மானிப்பது போல ஒலிக்கிறது. அது ஹோம் ஸ்டடி செய்பவர் வேலை. ‘தகுதி விதிகளை விளக்குதல்’ என்று மாற்றுங்கள். காத்திருப்பு மூன்று ஆண்டுக்கு மேல் ஆகலாம் என்பதையும் கட்டணத்துக்கு முந்தைய வரியில் சேருங்கள். பணம் கொடுக்கும் முன் படிக்க வேண்டிய வரி அது.

முகநூலில் போடும்போது கருத்துப் பெட்டியைக் கவனிக்க ஒருவரை வையுங்கள். உங்கள் விளம்பரத்துக்குக் கீழே ‘என்னிடம் குழந்தை இருக்கிறது, இன்பாக்ஸ் வாருங்கள்’ என்று தரகர்கள் எண் போடுவார்கள். திரைப்பிடிப்பு எடுத்துக்கொண்டு, 1098-க்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் தெரிவித்துவிட்டு, பிறகு நீக்குங்கள். முதலில் நீக்கினால் தடயம் போய்விடும்.

#17 அச்சுக்கூடம்

இரண்டும் சேர்த்தாயிற்று. பலகைக்கும் ‘தத்து ஆவண உதவி’ என்றே எழுதச் சொல்லியிருக்கிறோம். பழைய வரைவை அச்சகக் கணினியிலிருந்தும் நீக்கியாயிற்று.